வீடு கட்ட யாரிடம் உத்திரவு கேட்பது?

(ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பிரசாரகர் ஒருவர் பேசியதன் சாரம்)



இன்று நான் பேசப்போவது வீடு கட்ட உத்திரவு வாங்குகிற விஷயம் என்று நோட்டீசில் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் நேற்று என்னிடம் வந்து, "என்னப்பா, சாமி இல்லை பூதம் இல்லை என்று பேசிக்கொண்டிருந்தாய், இப்போது பேரூராட்சி ஆபீசு குமாஸ்தாவாகப் போய்விட்டாயா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயந்தான். ஆனால் அந்தப் பெரியவர் தம் மகனுக்கு வீடு கட்டத் தொடங்கி ஆறு மாதமாகிறது. அந்த ஆறு மாதத்தில் ஜோசியர் வீட்டுக்கு நாலு தரம் நடந்திருக்கிறார். வாஸ்துக்காரருக்கு ரூபாய் கொடுத்திருக்கிறார். புரோகிதருக்குத் தட்சணை கொடுத்திருக்கிறார். பிளான் உத்திரவு எங்கே என்று கேட்டேன். "அதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார்" என்றார். மேஸ்திரியைக் கேட்டேன். "அதற்கு ஒரு தரகர் இருக்கிறார்" என்றார். ஆகவேதான் இந்தப் பேச்சு.

இந்தப் பக்கம் எப்படி மாறியிருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் வருஷம் முதல் ஹூண்டாய்க் கார் வெளியே வந்தபோது ஒரகடத்தில் ஏர் உழுதுகொண்டிருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். பிறகு ஒரகடத்துக்கு ரெனோ நிசான் வந்தது, டைம்லர் லாரி வந்தது, ராயல் என்பீல்டு வந்தது. சுங்குவார்சத்திரத்துப் பக்கம் கைப்பேசிக் கம்பெனி வந்தது. நஞ்சை மனையாயிற்று, புஞ்சை மனையாயிற்று, மேய்ச்சல் தரையில்கூட முளைக்கல் நட்டுவிட்டார்கள். மூன்று சென்டு கையில் இருக்கிறவன் கீழே தான் குடியிருந்து, மேலே நாலு அறை போட்டு வாடகைக்கு விடலாமென்று நினைக்கிறான். அப்படி நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. கூலி உயராத ஊரில் வாடகை ஒரு பிழைப்பு. ஆனால் அவன் அந்த வீட்டைக் கட்ட யாரிடம் உத்திரவு கேட்கிறான் என்பதுதான் இன்றைக்கு நம் கேள்வி.

முதலில் அவன் கேட்பது பஞ்சாங்கத்தை. பஞ்சாங்கக்காரர் கணக்குப்படி வாஸ்து புருஷன் என்று ஒருவர் பூமிக்கடியில் படுத்துத் தூங்குகிறார். வருஷத்தில் எட்டே எட்டு நாள்தான் கண் விழிப்பார். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. மற்ற நாலு மாதம் எழுந்திருப்பதே கிடையாது. விழிக்கிற நாளிலும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரந்தான். அந்த ஒன்றரை மணியையும் ஐந்து கூறு போட்டிருக்கிறார்கள். முதல் 18 நிமிஷம் பல் துலக்குவாராம். அடுத்த 18 நிமிஷம் ஸ்நானம். அப்புறம் பூஜை. அப்புறம் போஜனம். கடைசி 18 நிமிஷம் தாம்பூலம். சாப்பிடும்போதும் வெற்றிலை போடும்போதும் மனையில் பூஜை செய்தால் குடி விளங்குமாம். பல் துலக்குகிறபோது கடப்பாறையைப் போட்டால் குடி கெடுமாம். தோழர்களே! இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். சிரிக்கிற உங்களில் எத்தனை பேர் அந்த 18 நிமிஷத்துக்காகக் கொத்தனாரையும் சித்தாளையும் வெயிலில் நிற்க வைத்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். பூமிக்கடியில் படுத்திருப்பவர் பல் துலக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு மேலே போகிறேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் நமக்கே முன்னூறு அடி துளை போட்டாலும் தண்ணீர் வருவது நிச்சயமில்லை.

இதை வெறும் வேடிக்கையென்று விட்டுவிடலாம் என்பீர்கள். விடமுடியாது. ஏனென்றால் இந்த வாஸ்து சாஸ்திரம் என்பதே அந்தக் காலத்துக் கட்டட விதிதான். அதில் என்ன எழுதியிருக்கிறது? வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையிலும், மயமதம் என்ற சிற்ப நூலிலும் மண்ணுக்கே வருணம் பிரித்திருக்கிறார்கள். வெள்ளை மண் பிராமணனுக்கு, சிவப்பு மண் க்ஷத்திரியனுக்கு, மஞ்சள் மண் வைசியனுக்கு, கறுப்பு மண் சூத்திரனுக்கு. அந்த நாலுக்கும் வெளியே தள்ளப்பட்டவனுக்கு எந்த மண்? ஊருக்கு வெளியே கிடக்கிற மண். சேரி என்று ஒன்று ஒவ்வொரு ஊரிலும் தனியே கிடப்பது தானாக நடந்ததா? யாரோ ஒரு காலத்தில் உத்திரவு கொடுத்தும் மறுத்தும் செய்த காரியம் அல்லவா அது? காசு சேர்ந்தபிறகும் மச்சு வீடு கட்டினால் ஊரார் என்ன சொல்வார்களோ என்று பயந்து ஓலைக்கூரையிலேயே இருந்துவிட்டுப் போன பாட்டன்மார்கள் நம்மில் பலருக்கு உண்டு.

அந்த உத்திரவுக்கும் இன்றைய உத்திரவுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசியுங்கள். 1920ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்துக்கு நகரத் திட்டச் சட்டம் வந்தது. 1971இல் அதற்குப் பதில் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 2019ஆம் வருஷம் பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதுக்கும் சேர்த்து ஒரே கட்டட விதி போட்டார்கள். இந்த விதி உன் மனை எவ்வளவு என்று கேட்கிறது. எதிரே ரோடு எத்தனை அகலம் என்று கேட்கிறது. எத்தனை மாடி, பக்கத்தில் எத்தனை அடி விட்டாய், கழிவுநீர் எங்கே போகிறது, மழைத்தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கேட்கிறது. நீ என்ன ஜாதி என்றோ, உன் மண் என்ன நிறம் என்றோ கேட்பதில்லை. பறையர் வீதிக்கும் அக்கிரகாரத்துக்கும் ஒரே கணக்கு. சர்க்காரைப் புகழ நான் இங்கு வரவில்லை, அதன் யோக்கியதையைப் பின்னால் சொல்லப்போகிறேன். ஆனால் மனிதனுக்கு மனிதன் ஒரே அளவுகோல் என்று எழுதிவைத்த கடிதாசி நமக்கு எத்தனை ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு கிடைத்தது என்பதை எண்ணிப்பாருங்கள். அப்படிப்பட்ட கடிதாசியை ஒரு தடவைகூடப் படிக்காமல், மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாமா?

இனி என் சொந்தச் சங்கதி. எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. கடைசல் பட்டறையில் பதினெட்டு வருஷம் நின்று சேர்த்த பணத்தில் இரண்டு அறை வீடு ஒன்று போடலாமென்று ஒரு சிற்றூரில் மனை வாங்கினேன். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் மற்ற ஊர் ஆபீசெல்லாம் யோக்கியமென்று அர்த்தமாகிவிடும்.

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். பிளான் போடும்போது என் மைத்துனர் வந்து, சமையலறை அக்கினி மூலையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் என் தங்கைக்கு ஆகாது என்று பிடிவாதம் பிடித்தார். ஊரூராய்ப் போய் மூடநம்பிக்கையை ஒழிக்கப் பேசுகிற நான், வீட்டில் சண்டை வேண்டாமென்று ஒப்புக்கொண்டேன். அக்கினி மூலையில் சமையலறை வரவேண்டுமானால் சுவர் பக்கத்தில் விடவேண்டிய இடத்தில் ஒன்றரை அடி ஏறியது. ஆபீசில் அந்தப் பிளானைத் திருப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் பொங்கிற்று. ஆனால் நிதானமாக மனையில் போய் நின்று பார்த்தேன். அந்த ஒன்றரை அடியில் சுவர் வந்தால் பக்கத்து வீட்டுக் கிழவி படுக்கிற அறைக்கு இருக்கிற ஒரே ஜன்னலுக்கு வெளிச்சம் போய்விடும். விதி எழுதியவன் அந்தக் கிழவியைப் பார்த்ததில்லை. பார்க்காமலே அவளை நினைத்திருக்கிறான். அக்கினி மூலை சொன்னவரோ அவளைத் தினம் பார்க்கிறவர். அவருக்கு அவள் ஞாபகம் வரவில்லை. சமையலறையை உள்ளே தள்ளினேன். அடுப்பு இன்றைக்கும் நன்றாகத்தான் எரிகிறது.

சரி, திருத்திய பிளானைக் கொடுத்தேனே, உத்திரவு வந்ததா? வரவில்லை. ஏழு மாதம் நடந்தேன். ஒருநாள் தலைவர் இல்லை, ஒருநாள் அளக்கிறவர் இல்லை, ஒருநாள் பைல் மேலே போயிருக்கிறது. மேலே என்றால் எங்கே என்று கேட்டேன், பதில் இல்லை. வாஸ்து புருஷனாவது வருஷத்தில் எட்டு நாள் விழிக்கிறார்! வாசலில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டு, 20,000 ரூபாய் கொடுங்கள், ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். உள்ளே இருக்கிறவர்கள் பேசுகிற பாஷை உங்களுக்குப் புரியாது, எனக்குத்தான் புரியும் என்றார். தோழர்களே! இந்த வார்த்தையை நான் எங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். கோயிலில் கேட்ட வார்த்தை அல்லவா அது! உள்ளே இருப்பவருக்கும் உனக்கும் நடுவே நான். உனக்கு அந்த பாஷை தெரியாது. தட்சணையைத் தட்டில் போடு.

பணம் கொடுக்கவில்லை. 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கோர்ட்டு வில்லை ஒட்டி, என் மனு இன்ன தேதியில் கொடுத்தது, இன்று யார் மேஜையில் இருக்கிறது, என்ன குறை என்று மூன்று கேள்வி எழுதினேன். எழுத்துப்பிழை நிறைய இருந்திருக்கும். முப்பது நாளைக்குள் பதில் சொல்லவேண்டுமென்பது சட்டம். இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது. என்ன குறை தெரியுமா? புலப்படம் நகல் ஒன்று வைக்கவில்லை. அவ்வளவுதான்! ஏழு மாதமும் அந்த ஒரு காகிதத்துக்கு. அதை முதல் நாளே வாயால் சொல்லியிருந்தால் அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்திருப்பேன். சொன்னால் டீக்கடைக்காரர் எப்படிப் பிழைப்பது?

இந்த ஊருக்கு அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுஜரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். திருக்கோட்டியூரில் ஒரு குருவிடம் பதினெட்டுத் தரம் நடந்து மந்திர உபதேசம் வாங்கினாராம். யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்தாராம். அவரோ கோபுரத்தின் மேல் ஏறி நின்று ஊர் முழுக்கக் கேட்கும்படி மந்திரத்தைச் சொல்லிவிட்டாராம். மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, மோட்சத்திலும் இல்லை. கதை நடந்ததா என்பதும் எனக்கு முக்கியமில்லை. ஆனால் ஒருவன் கையில் பூட்டிவைத்திருந்ததை எல்லாருக்கும் கூவிச் சொல்வது நல்ல காரியம் என்று வைணவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் அல்லவா? அவர் பதினெட்டுத் தரம் நடந்தார். நான் ஏழு மாதம் நடந்தேன். எனக்குக் கிடைத்ததையும் கூவிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

2024ஆம் வருஷம் ஜூலை 22 முதல் இந்த மாகாணத்தில் சுயசான்று என்று ஒரு முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரையோடோ அல்லது அதன்மேல் ஒரு மாடியோடோ குடியிருக்கும் வீடு கட்டுகிறவர் ஆபீசு வாசலை மிதிக்கவேண்டியதில்லை. கம்ப்யூட்டர் மூலம் பத்திரம், பட்டா, பிளான் ஆகியவற்றைக் கொடுத்து, விதிப்படிதான் கட்டுவேன் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கட்டணத்தைக் கட்டினால் உத்திரவு உடனே வந்துவிடுகிறது. முன்கூட்டி வந்து பார்க்கிற வழக்கமும் இதற்கு இல்லை. இங்கே கூடியிருக்கிறவர்களில் பெரும்பாலோர் கட்டுகிற வீடு இந்த அளவுக்குள் அடங்கியதுதான். அப்படியிருந்தும் தரகர்கள் ஒழியவில்லை. ஏன்? கம்ப்யூட்டர் என்ற புது சாமிக்கு முன்னால் புது பூசாரியாக உட்கார்ந்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கிற பெண் செய்யக்கூடிய வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள்.

ஒன்று ஞாபகம் வையுங்கள். தானே சான்று சொல்வதென்றால் பொய்யும் நம் தலைமேல்தான். முன்பு தப்பு நடந்தால் அளந்தவனைச் சொல்லலாம், கையெழுத்துப் போட்டவனைச் சொல்லலாம். இப்போது கையெழுத்துப் போட்டவன் நீ. இரண்டு மாடிக்கு உத்திரவு வாங்கி மூன்றாவது மாடி எழுப்பினால் வாஸ்து புருஷன் வந்து காப்பாற்றமாட்டார். லஞ்ச விஷயமும் அப்படித்தான். 2018ஆம் வருஷம் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தைத் திருத்தியபிறகு வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவன் ஏழு நாளைக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லிவிட்டால் அவனுக்குத் தண்டனை இல்லை. ஏழு நாள், எட்டாம் நாள் அல்ல.

அடுத்தது மனை. இதில்தான் ஏழைகள் முழுகிப் போகிறார்கள். வயலை வாங்கி, கல் நட்டு, கொடி கட்டி, பிள்ளையார் பெயரிலோ முருகன் பெயரிலோ நகர் என்று பெயர் வைத்து, சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிடுகிறார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. சாமி பெயர் இருக்கும்போது அங்கீகாரம் எதற்கு என்று நினைப்புப்போலும். 2016ஆம் வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டது. அன்றைக்கு எத்தனை குடும்பத்தில் அடுப்பு அணைந்தது! 2017 மே மாதத்தில், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தலாமென்று சர்க்கார் விதி போட்டது. அதிலும் ஏரி, குளம், வாய்க்கால், ஓடைப் புறம்போக்கில் இருப்பதை வரன்முறை செய்யமுடியாது. அது சரியான விதி என்று சொல்வதற்கு எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் வாய்க்காலை விற்றவன் பங்களாவில் இருக்கிறான், வாங்கினவன் வாய்க்காலில் இருக்கிறான்.

ஏன் சரியென்கிறேன்? நம்முடையது ஏரிகள் நிறைந்த ஜில்லா. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும்படி முன்னோர்கள் வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் பகுத்தறிவுக்கு ஒத்தது இது. இதற்கு நான் கும்பிடவும் தயார். அந்தக் கால்வாயில் மனை போட்டால் தண்ணீர் பத்திரத்தைப் படித்துவிட்டா வரும்? 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றுக் கரையெல்லாம் முழுகியது. அந்த மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். முழுகிய வீடுகளில் வாசல் கிழக்குப் பார்த்த வீடும் உண்டு, வடக்குப் பார்த்த வீடும் உண்டு. தண்ணீர் திசை பார்க்கவில்லை, மேடு பள்ளம் பார்த்தது.

அதற்கு முந்திய வருஷம், 2014 ஜூன் 28ஆம் தேதி, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்று கட்டும்போதே இடிந்து விழுந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் வந்த கூலிகள். அங்கே இரண்டு கட்டடங்கள். அவற்றுக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? ஒன்றுக்கு பிலீப், மற்றொன்றுக்கு பெயித். இங்கிலீஷ் தெரிந்தவர்களைக் கேளுங்கள். இரண்டுக்கும் தமிழில் நம்பிக்கை என்றுதான் அர்த்தம். ஒரு நம்பிக்கை தானே விழுந்தது. மற்ற நம்பிக்கையை 2016 நவம்பரில் வெடி வைத்துச் சர்க்காரே தகர்த்தது. இடி விழுந்ததால்தான் இடிந்தது என்று கட்டினவர்கள் தரப்பில் சொன்னார்கள். வருண பகவான் மேல் கேஸ் போடமுடியாது அல்லவா!

ஆனால் யோக்கியமாகப் பேசவேண்டும். அந்தக் கட்டடத்துக்கு உத்திரவு இருந்தது. சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது. ஆகவே கடிதாசி ஒன்றே கட்டடத்தைத் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எலுமிச்சம்பழத்துக்குப் பதில் சீல் வைத்த காகிதத்தை வாசலில் கட்டச் சொன்னவனாவேன். மண்ணைச் சோதித்தார்களா, தூணுக்கு எத்தனை கம்பி, எத்தனை சிமிட்டி என்று கேட்கிற ஆள் வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே உத்திரவு என்று ஒன்று ஏற்பட்டது. கேள்வியை எடுத்துவிட்டுச் சீலை மட்டும் வைத்துக்கொண்டால் அதுவும் ஒரு விக்கிரகம்.

விக்கிரகம் என்றதும் ஒரு சங்கதி ஞாபகம் வருகிறது. நாம் ஓர் அறை போடப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், பிளான் என்று சுமக்கிறோம். ரோட்டோரத்தில் ஒரு பிள்ளையார் ராத்திரி வருகிறார், காலையில் அவருக்குக் கூரை வருகிறது, ஆறு மாதத்தில் உண்டியல் வருகிறது, அப்புறம் வாடகைக் கடையும் வருகிறது. அவருடைய பட்டா எங்கே? பக்கத்தில் எத்தனை அடி விட்டார்? பொது ரோட்டில் எந்த மதத்தின் கோயிலும் உத்திரவில்லாமல் புதிதாகக் கட்டக்கூடாது என்று 2009 செப்டம்பர் 29ஆம் தேதியே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. கோயில், மசூதி, சர்ச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஏழையின் குடிசையை இடிக்க வருகிற இயந்திரம் அந்த இடத்துக்கு வந்ததும் ஏன் சுற்றிக்கொண்டு போகிறது என்று அடுத்த தடவை கிராமசபையில் கேளுங்கள்.

கடைசியாக வாடகைக்கு அறை போடுகிற தோழர்களுக்கு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளிகளுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். அப்படியும் ஆயிரக்கணக்கான பெண்களும் வடக்கேயிருந்து வந்த பிள்ளைகளும் நம் அறைகளில்தான் தங்குகிறார்கள். எட்டுக்குப் பத்து அறையில் ஷிப்டு மாற்றி மாற்றி ஆறு பேர், எட்டு பேர். ஜன்னல் இல்லை, மாடிப்படி ஒன்றே, அதற்கும் அடியில் கேஸ் சிலிண்டர். அந்த வீட்டு வாசலில் பூசணிக்காய் உடைத்திருக்கிறது, கண்திருஷ்டிப் படம் தொங்குகிறது. நெருப்புப் பிடித்தால் அந்தப் பிள்ளைகள் எந்த வழியாக இறங்குவார்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "அப்படியெல்லாம் அபசகுனமாகப் பேசாதீங்கண்ணே" என்றார். அபசகுனமல்ல தோழரே, அது பிளானில் வரையவேண்டிய ஒரு கோடு. உங்கள் மகள் வேறோர் ஊரில் இப்படி ஒரு அறையில் தூங்குகிறாள் என்று வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் போடுங்கள்.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் புறப்படலாம். பட்டாவும் புலப்படமும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் மேடைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். கையெழுத்துப் போடத்தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் விளக்கருகில் இருக்கிறார்கள், மனு எழுதித் தருவார்கள். அந்தப் பெரியவரும் மகனோடு வந்திருக்கிறார். அவருடைய மனுவை முதலில் எழுதுவோம்.